மூன்று வரைபடத்தாள்களில் ஒரு கழிமுகம்

ஒன்பதாம் வகுப்பில் விகிதமும் பரப்பளவும் நடத்தி முடித்தபோது, "இதையெல்லாம் எங்க சார் பயன்படுத்துவாங்க?" என்ற வழக்கமான கேள்வி வந்தது. வட்டிக் கணக்கையே திரும்பச் சொல்ல மனமில்லாமல், இந்த முறை கொள்ளிடத்தை எடுத்துக்கொண்டேன். அம்மாபேட்டைப் பிள்ளைகளுக்குக் கடல் தூரம்தான். ஆனால் சேலம் வழியே ஓடும் திருமணிமுத்தாறு நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் பழையாறு அருகே வங்கக் கடலில் கலக்கிறது. தறியில் ஊடும் பாவும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கட்டமும் புதிதல்ல.

கழிமுகத்தில் இரு பக்கமிருந்தும் நீர் தள்ளுகிறது. ஓதம் ஏறும்போது, கனமான உப்புநீர் ஆற்றுநீரின் அடியில் நுழைகிறது. மேட்டூர் நிரம்பிய 2018 போன்ற ஆண்டுகளில் கீழணையைத் தாண்டி வெள்ளம் இறங்குகிறது. கரையோர ஊர்களில் நீர் எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே அறிய, நீர்ப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீர்மட்டத்தையும் வேகத்தையும் கணினியில் கணக்கிடுகிறார்கள்.

கட்டம் சிறிதானால் ஆறு தெளிவாகத் தெரியும், கணக்கு பெருகிவிடும். 90 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம் முழுவதற்கும் 100 மீட்டர் கட்டம் போட்டால் 8,10,000 கட்டங்கள். இதற்கு மாற்று, கட்டத்துக்குள் கட்டம். மூன்று வரைபடத்தாள்களில் 10 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வரையச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் 10,000 மில்லிமீட்டர் கட்டங்கள் இருக்கும். முதல் தாளில் 1 மி.மீ. என்பது 900 மீட்டர்: 90 கி.மீ. கடலும் கரையும். இரண்டாவதில் 300 மீட்டர்: 30 கி.மீ. மூன்றாவதில் 100 மீட்டர்: கழிமுகத்தைச் சுற்றி 10 கி.மீ. மொத்தம் 30,000 கட்டங்கள்தான். வெளித்தாளின் விடை உள்தாளின் ஓரத்துக்கு உள்ளீடாகும்.

விகிதம் ஏன் 2 இல்லாமல் 3? பெரிய கட்டத்தை 3×3 ஆகப் பிரித்தால் நடுச் சிறுகட்டத்தின் மையமும் பெரிய கட்டத்தின் மையமும் ஒன்றாகின்றன. 2×2 ஆகப் பிரித்தால் அந்த இடத்தில் கோடுதான் விழும். இதை வரைந்து பார்க்கவிட்டேன்; விளக்கம் தேவைப்படவில்லை.

காலமும் கணக்கில் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் ஓத அலையின் வேகம் √(9.8×10), ஏறக்குறைய வினாடிக்கு 10 மீட்டர். அலை 100 மீட்டர் கட்டத்தை 10 வினாடியில் கடந்துவிடும். பொதுவாகக் கணக்கின் கால இடைவெளி அதற்குள் இருக்க வேண்டும், இல்லையேல் விடை தாறுமாறாகும். 900 மீட்டர் கட்டத்துக்கு 90 வினாடி போதும். ஆக, முதல் தாள் ஒரு முறை கணக்கிடும்போது இரண்டாவது 3 முறை, மூன்றாவது 9 முறை. கூட்டினால் 1,30,000 கணக்குகள். ஒரே கட்டமாகச் செய்தால் 72,90,000. சுமார் 56 மடங்கு என்று வகுத்துச் சொன்னவன், கணக்குப் பாடவேளையில் வழக்கமாகக் கடைசி வரிசையில் ஒதுங்குபவன்.

என் தவறு இதற்குப் பிறகுதான். மூன்றாம் தாளின் கிழக்கு ஓரத்தை முகத்துவாரத்தின் மீதே வைத்துவிட்டேன். பாதிக்கு மேல் மணல் இருந்தால் கட்டத்துக்குப் பழுப்பு நிறம் என்பது எங்கள் விதி. அதன்படி இரண்டாம் தாளில் அங்கே ஒரே ஒரு நீலக் கட்டம் மிஞ்சியது; மூன்றாம் தாளில் ஐந்து. ஒரு மாணவி விரல் வைத்துக் கேட்டாள்: "சார், வெளியில மூணு கட்டத்து அளவுக்குத்தான் வழி. உள்ள அஞ்சு இருக்கு. மீதி ரெண்டுக்கு எங்கிருந்து சார் தண்ணி வரும்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மறுநாள் அவளையே கரும்பலகைக்கு அழைத்தேன். ஓரத்தை 3 செ.மீ. கிழக்கே, அதாவது 3 கி.மீ. கடலுக்குள் நகர்த்தினோம்; இரண்டாம் தாளில் அது 1 செ.மீ. அங்கே இரு தாளிலும் நீலம் மட்டுமே. ஓரத்தை ஒட்டிய கட்டங்களில் இரு தாளுக்கும் ஒரே ஆழத்தை எழுதினோம். கணினி மாதிரி அமைப்பவர்களும் இந்த இரண்டையும்தான் முதலில் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

மேற்கு ஓரம் பாக்கி. அங்கே ஓதம் கிடையாது, ஆற்றுநீர் வரத்து மட்டும் என்று எழுதியிருந்தேன். ஓதம் அந்த ஓரத்தையும் தாண்டி மேலேறினால் என்ன செய்வது என்று இப்போது இரண்டு குழுக்கள் வாதிட்டுக்கொண்டிருக்கின்றன. தாளை மேற்கே நீட்ட ஒட்டுப்பசை வாங்கித் தந்திருக்கிறேன்.