உடையார் என்னும் பட்டம்

தீவுப்பகுதியின் பழைய காணி உறுதிகளைப் பார்ப்போர், பெயர்களின் பின்னே உடையார் என்னும் பட்டம் நிற்றலைக் காண்பர். இஃது அரசர்க்குரியதோ, உத்தியோகப் பெயரோ என மாணாக்கர் வினவின் ஆசிரியர் தக்க விடை கூறுதல் வேண்டும். அதன் பொருளையும் வரலாற்றையும் ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

உடை என்னும் அடியிற் பிறந்த குறிப்பு வினையாலணையும் பெயர் உடையார். உடைமை பெற்றவர் என்பது பொருள். ஒருவரைக் குறிக்குமிடத்து ஆர் விகுதி உயர்வு பற்றி வந்ததாம். எதனை உடையார் என்பதை முன்னிற்கும் சொல்லே காட்டும்: அறிவுடையார், அன்புடையார், பொருளுடையார் எனக் காண்க. நிலமும் ஏவலாளரும் உடையவரே உடையார் என்பது வழக்கால் வந்த குறுக்கமேயன்றிச் சொல்லின் இயல்பன்று.

சோழர் கல்வெட்டுக்களில் முதலாம் இராசராசன் (985–1014) உடையார் ஸ்ரீராசராசதேவர் எனப்படுகின்றான். அவன் தஞ்சையில் எடுத்த கோயிலில் எழுந்தருளிய சிவபெருமானும் ஸ்ரீராசராசீசுவரம் உடையார் எனப்படுகின்றார். மைசூர் மன்னர் பெயர்களில் நிற்கும் உடையாரும் இதற்கு இனமான கன்னடச் சொல்லே.

இனி நம் தீவுகளை நோக்குவாம். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பரதேசிகள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்குக; அவர்க்குக் காவல் உண்டு என்பது அதன் கருத்து. யானை குதிரை ஏற்றிய மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு கூறு அரசர் பண்டாரத்துக்கு. மூன்று கூறு உடையவனுக்கு. வாணிகப் பண்டம் ஏற்றியது கெட்டால் பாதிக்குப் பாதி. இங்கே உடையவன் என்றது கப்பற் பொருளை இழந்து கரையில் நிற்கும் வணிகனை. அரசனுக்குப் பட்டமான சொல்லின் உறவுச்சொல், அரசன் காக்கவேண்டிய ஏதிலானுக்குப் பெயராய் நிற்றல் கருதத்தக்கது.

ஒல்லாந்தர் காலத்தும் ஆங்கிலேயர் காலத்தும் யாழ்ப்பாணத்தில் உடையார் என்பது தலைமைக்காரர் பதவியொன்றின் பெயராயிற்று. மணியகாரர் மேலும், விதானைமார் கீழும் நின்றனர். அப்பதவி ஒழிந்தது. 1963ஆம் ஆண்டில் விதானைப் பதவியும் நீங்கி, கிராமசேவகர் பதவி வந்தது. உடையார் என ஊர் அழைத்த அதிகாரம் சேவகர் என்னும் பெயரை ஏற்றது. ஆயினும் அவரை விதானையார் என்றே அழைப்பார் இன்றும் உளர்.

சைவ நூற்றுணிபின்படி உயிர்கள் உடைமை. உடையான் இறைவன் ஒருவனே. சேரமான் பெருமாள் நாயனார் முடிசூடி உலாவருகையில், மேனியில் உவர்மண் படிந்து வெளுத்த வண்ணானைக் கண்டு, திருநீற்றுக் கோலமாக உணர்ந்து, யானையினின்றும் இறங்கித் தொழுதார். அஞ்சிய அவனுக்குத் தம்மையும் அடியனென்றே கூறினார்.

வகுப்பிலே உடையார் வீட்டுப் பேரனும், அவ்வீட்டுக்குக் குடிமைத் தொழில் செய்தார் பேரனும் ஒரே வாங்கில் இருத்தல் கூடும். இப்பட்டத்தை விளக்கும் ஆசிரியர் முன்னவன் செருக்காமலும் பின்னவன் நாணாமலும் விளக்குக. பதவி சிலரிடம் சில காலம் இருந்தது என்னும் வரலாற்றையும், உடைமை அனைத்தும் இறைவனது என்னும் பொருளையும் ஒருங்கே கூறின் இருவரும் தெளிவர்.