மருமகனுக்கு ஒரு கடிதம்

சிரஞ்சீவி கண்ணனுக்கு மாமா ஆசீர்வாதம்.

புரோகிராம் எழுதுவதில் சாஸ்திரம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை, அது வெறும் குமாஸ்தா உத்தியோகமே, ஆகையால் அதை விட்டுவிட்டுப் பௌதிகம் படிக்கப் போகிறேன் என்று நீ எழுதியிருந்ததை இருமுறை படித்தேன். உன் வருத்தம் நியாயமானதுதான். ஆயினும் முடிவு செய்வதற்கு முன், இதே சஞ்சலத்தில் உழன்ற எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரரின் சரித்திரத்தை நீ அறிந்துகொள்ள வேண்டும்.

1930-இல் ராட்டர்டாமில் பிறந்து, லைடன் சர்வகலாசாலையில் பௌதிகம் பயின்றுகொண்டே 1952 முதல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் புரோகிராமராக இருந்த அவர், வால்வுகளையும் மின்சுற்றுகளையும் கையாளும் சகாக்களுக்கு நிச்சயமான வித்தை ஒன்று இருக்க, தமக்கு அப்படி எதுவும் இல்லையே என்று மனம் நொந்து, 1955-இல் தம் தலைவர் வான் வைன்கார்டனிடம் போய் முறையிட்டார். அப்படியொரு சாஸ்திரம் இன்னும் தோன்றவில்லை என்பதை அந்தப் பெரியவர் மறுக்கவில்லை. கம்ப்யூட்டர்கள் நிலைபெறப் போகின்றன, அந்தச் சாஸ்திரத்தை உண்டாக்குவோரில் நீயும் ஒருவனாக இருக்கலாகாதா என்று மட்டும் கேட்டார். இல்லாத பெருமையை இருப்பதாகச் சொல்லி இளைஞனைத் தேற்றாமல், இல்லாமையையே அவனுடைய கடமையாக்கிய அந்தக் கேள்வியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

மறு ஆண்டில், வருங்கால மனைவியோடு கடைவீதியில் அலைந்து களைத்து ஒரு காபிக் கடையில் அமர்ந்திருந்தபோது, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் குறுகிய வழியைக் காணும் முறையை, காகிதமோ பென்சிலோ இல்லாமல், சுமார் இருபது நிமிஷங்களில் டைக்ஸ்ட்ரா மனத்திலேயே வகுத்துவிட்டார். ஏற்கெனவே குறுகிய வழி நிச்சயமாகிவிட்ட ஊர்களை ஒரு தொகுதியாக வைத்து, எஞ்சியவற்றுள் புறப்பட்ட இடத்திற்கு மிக அருகிலுள்ளதை ஒவ்வொன்றாக அதில் சேர்த்துக்கொண்டே போவது என்பதுதான் அதன் சாரம். கையில் காகிதம் இல்லாமற்போனதால் தவிர்க்கக்கூடிய சிக்கல்களையெல்லாம் தவிர்த்தே தீரவேண்டியதாயிற்று என்று பிற்காலத்தில் அவரே காரணம் கூறினார். 1959-இல் மூன்றே பக்கங்களில் அச்சான அம்முறை இன்றும் உலகமெங்கும் வழங்குகிறது.

1957-இல் அவர் விவாகத்தைப் பதிவு செய்யச் சென்றபோது, புரோகிராமர் என்றொரு தொழிலே கிடையாது என்று ஆம்ஸ்டர்டாம் நகர அதிகாரிகள் மறுத்துவிட, பௌதிக அறிஞர் என்றே எழுதிக்கொடுக்க நேர்ந்தது. அதே தொழிலுக்காக 1972-இல் டூரிங் பரிசு அவரை வந்தடைந்தது. சோதனையால் பிழை உண்டென்று காட்டலாமேயன்றி இல்லையென்று நிரூபிக்க இயலாது என்பது அவருடைய சித்தாந்தம். ஆதலின் புரோகிராமும் அதன் நிரூபணமும் கைகோத்து வளர வேண்டுமென்று வற்புறுத்தி, 2002-இல் மறையும் வரை ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட குறிப்புகளை, பெரும்பாலும் பேனாவினால் தம் கைப்படவே எழுதிச் சகாக்களுக்கு அனுப்பிவந்தார்.

பௌதிகம் உயர்ந்த கல்விதான். உனக்கு அதில் உண்மையான நாட்டமிருந்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். அதற்கு முன் ஒரு காரியம் செய். நீ எழுதிய புரோகிராம்களில் சிறியதொன்றை எடுத்து, இயந்திரத்தின் பக்கமே போகாமல், அது எக்காலத்தும் சரியான விடையே தரும் என்பதை ஒவ்வொரு வரிக்கும் காரணம் காட்டிக் காகிதத்தில் நிறுவிப் பார். எந்த வரியில் உன் தர்க்கம் தடைப்படுகிறது என்பதை எனக்கு விவரமாக எழுது.

இப்படிக்கு,
உன் மாமா