ஆவினன்குடி நெல்லி

பழனிமலைத் தொடரின் அடிவாரத்தே விளங்கும் திரு ஆவினன்குடிக் கோயிலின் தலமரம் நெல்லி. முருகனுக்குரிய மரம் கடம்பு. திருமுருகாற்றுப்படையும் அவனுக்குக் கடம்பமாலையையே சூட்டுகிறது. அந்நூல் மூன்றாவதாகப் போற்றும் தலத்தில் நெல்லி நிற்பது ஏன்?

தலபுராண வழக்கு ஊர்ப்பெயரைக் கூறுகூறாய்ப் பிரிக்கும். திரு, திருமகள், ஆ, காமதேனு, இனன், கதிரவன், கு, நிலமகள், டி, அக்கினி, இவர்கள் வழிபட்ட ஊர் என்பது அதன் பொருள். கேட்க இனிது, வரலாறு ஆகாது. அகநானூற்றின் முதற்பாட்டில் மாமூலனார் நெடுவேள் ஆவியின் பொதினியைப் பாடுகிறார். பொதினியே பழனி என மருவிற்று என்பர் அறிஞர். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனும் ஆவியர் குடியினனே. ஆவியர் வாழ்ந்த குடியிருப்பு ஆவினன்குடி ஆயிற்று எனக் கொள்வதே நமக்குப் பொருத்தமாகப்படுகிறது.

ஆயினும் புராண விளக்கத்தை நாம் எறிந்துவிடலாகாது. நெல்லிக்குரிய விடை அதனுள்தான் இருக்கிறது. திருமகள் உறையும் மரம் நெல்லி என்பது நாடெங்கும் பரவிய நம்பிக்கை. வற்றிய நெல்லிக்கனி ஒன்றை ஈந்த ஏழைப் பெண்ணின் வீட்டில் பொன்நெல்லி பொழிந்தது என்னும் ஆதிசங்கரர் கதையும் இதன் வழிப்பட்டதே. திருமகள் வழிபட்ட ஊருக்கு அவள் மரமே தலமரமானது இயல்பு. (கனி கிட்டாது சினந்து வந்த குமரனுக்குக் கனிமரமே நிழல் தந்தது எனச் சுவைபடச் சொல்வாரும் உளர், சான்று கேட்டல் ஆகாது!)

துவாதசியில் நெல்லியுண்டு நோன்பை முடிப்பர். ஞாயிறன்றும் இரவிலும் அதனை விலக்குவர். இவற்றை மூடநம்பிக்கை என ஒரு சொல்லில் ஒதுக்கும் மாணாக்கர், மரத்தின் இயல்பையும் நோக்குதல் வேண்டும். நெல்லியைத் தின்றபின் பருகும் நீர் இனிக்கும்; சங்க அகப்பாடல்களில் வறண்ட வழி செல்வோர் அவ்வாறே நீரருந்தக் காண்கிறோம். உவர்நீர் தெளியக் கிணற்றில் நெல்லிக்கட்டை இடுவது சிற்றூர் வழக்கம். அதியமான் ஔவைக்கு ஈந்ததும் நெல்லியே. புறநானூற்று 91ஆம் பாட்டு அதற்குச் சான்று. நாவுக்கும் நீருக்கும் வாழ்நாளுக்கும் நலம் செய்வதாக மதிக்கப்பட்ட மரத்தில் மக்கள் திருமகளைக் கண்டனர்.

நெல்லி, கொடைக்கானலின் குளிர்ச்சோலைகளுக்கு உரியதன்று. தாழ்ந்த வறள்சரிவுகளின் மரம். அச்சரிவுகளில் பளியர் இன்றும் தேனோடு காட்டுநெல்லியும் திரட்டுகின்றனர். அவர்கள் நாவில் இம்மரம் பற்றி வழங்கும் கதைகள் இன்னும் முழுமையாகத் தொகுக்கப்பட வேண்டியவை. நம் ஆய்வு மாணாக்கர் ஒருவர் பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையிலேயே அப்பணியைத் தொடங்கலாம்.