கைக்குழந்தையோடு ஊருக்குப் போறீங்களா? அட்டையை மறக்காதீங்க

பொங்கலுக்கோ, குலதெய்வம் கோயில் மொட்டைக்கோ, ‘பேரப்பிள்ளையைக் கண்ணுல காட்டுங்க’ன்னு தாத்தா பாட்டி கேட்பதற்காகவோ, ஒரு வயதுகூட ஆகாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறீர்கள். டயப்பர், மாற்றுத்துணி, தொட்டில் சேலை எல்லாம் பையில் ஏறிவிடும். பீரோவிலேயே தங்கிவிடுவது தாய் சேய் நல அட்டைதான். முதலில் அதை எடுத்து வையுங்கள்.

ஊரில் திடீரென்று குழந்தைக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால், உங்களை இதுவரை பார்த்தே இராத ஒரு டாக்டர் முன்னால் உட்காருவீர்கள். பிறந்தபோது எடை எவ்வளவு, குறைமாதமா, என்ன ஊசி போட்டாச்சு என்று அவர் கேட்பார். பதற்றத்தில் எதுவும் ஞாபகம் வராது. அட்டையில் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, கணவன் மனைவி இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். இதயக் குறைபாடு, வலிப்பு, குறைப்பிரசவம் போன்ற சிக்கல் உள்ள குழந்தை என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியையும் படம் எடுங்கள். தினமும் தரும் மருந்து இருந்தால், தங்கும் நாட்களைவிட மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். பயணம் சரிவருமா என்று வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே டிக்கெட் போடுங்கள்.

ஊசித் தேதி நடுவில் வந்தால்

6, 10, 14 வாரங்கள், பிறகு 9 மாதம். முதல் வருடத்தில் பிறந்தவுடன் போடுவது போக, முக்கியமான தடுப்பூசி நாட்கள் இவை. ‘நாம அந்த ஊர்ல பதிவு பண்ணலையே, அங்க போடுவாங்களா?’ என்ற சந்தேகத்தில் பலர் தள்ளிப்போடுகிறார்கள். அட்டையைக் காட்டினால் எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் வழக்கமான தடுப்பூசி நாள் புதன்கிழமை. அந்தப் புதன் பண்டிகை விடுமுறையாக வந்தால் எப்போது போடுவார்கள் என்று ஊரில் உள்ள கிராம சுகாதாரச் செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

பெண்டாவேலண்ட் ஊசி போட்டால் ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் வருவது சகஜம். காலையில் ஊசி, ராத்திரி பஸ் என்று திட்டமிடாதீர்கள். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு போடுங்கள், இல்லையென்றால் ஊருக்குப் போய்ப் போடுங்கள். உரிய வயது வருவதற்கு முன்பே போட முடியாது. சில நாள் தள்ளிப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதும் இல்லை. ஆனால் மறந்தே போய்விடக் கூடாது.

வழியில்

டிக்கெட் விஷயம் சுருக்கமாக. தமிழக அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை கட்டணம் இல்லை. ரயிலிலும் 5 வயதுக்குக் கீழ் தனி படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு கர்ப்பிணிகளுக்கும் 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் இருக்கிறது; பால் கொடுக்கும் தாய்க்கு அதில் தனி இடம் இல்லை. அதனால் ஐஆர்சிடிசியில் பதிவு செய்யும்போது ‘ஒரு கீழ்ப் படுக்கையாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய்’ என்ற தெரிவை அழுத்துங்கள். ஓடும் ரயிலில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் 139. பெட்டி எண், இருக்கை எண் சொன்னால் அடுத்து நிற்கும் நிலையத்தில் மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள். டிக்கெட் பரிசோதகரிடமும் சொல்லுங்கள்.

பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் 2015 ஆகஸ்டிலிருந்து செயல்படுகின்றன. பூட்டியிருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். நேரக் காப்பாளர் அலுவலகத்தில் சாவி கேளுங்கள், அது உங்களுக்காகக் கட்டிய அறை.

காரில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். முன் சீட்டில் அம்மா மடியில் குழந்தை உட்காரும் காட்சி நமக்குப் பழகிவிட்டது. ஏர்பேக் விரிந்தால் அடி வாங்குவது குழந்தைதான். பின் சீட்டில், குழந்தைகளுக்கான இருக்கையில் கட்டி உட்கார வையுங்கள். 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ தனி இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு மச்சான் பைக்கில் வந்து அழைத்துப்போகிறார் என்றால், ஆட்டோவே பிடியுங்கள்.

மருந்துப் பை

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமால் குழந்தைகளுக்கு இரண்டு விதமாக வருகிறது. டிராப்ஸில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம். அதாவது சாதாரண 125 சிரப்பைவிட டிராப்ஸ் நான்கு மடங்கு வீரியம். உங்கள் வீட்டில் டிராப்ஸ் பழக்கம். அதை எடுத்துவர மறந்து, ஊர் மருந்துக்கடையில் சிரப் வாங்கி அதே அளவு கொடுத்தால் காய்ச்சல் குறையாது. இது பரவாயில்லை. சிரப்புக்குச் சொன்ன 5 மில்லியை டிராப்ஸ் பாட்டிலிலிருந்து கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும், அது கைக்குழந்தையின் கல்லீரலுக்கு ஆபத்து. அதனால் வழக்கமான பாட்டிலையே, அதன் அளவுக் குழாயோடு, அட்டைப்பெட்டியோடு கொண்டுபோங்கள். அளவு குழந்தையின் எடையை வைத்துக் கணக்கிடுவது. டாக்டர் எழுதிய சீட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

சளி இருமலுக்கு ‘அண்ணே, குழந்தைக்கு ஒரு சிரப்’ என்று கடையில் கேட்கவே வேண்டாம். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் தரக் கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது.

ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு வையுங்கள். சுகாதார நிலையத்தில் தருவது 1 லிட்டர் தண்ணீருக்கானது. கடையில் 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு. மேலே எழுதியிருப்பதைப் பார்த்து முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். குத்துமதிப்பாக டம்ளரில் கொஞ்சம் தூவினால் உப்பு அளவு மாறிவிடும். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

வீட்டுக்குள் போனதும்

கஷ்டமான பகுதி பயணம் இல்லை, பாசம்தான். ‘வெயிலுக்குத் தொண்டை காயும், ஒரு சங்குல தண்ணி குடு’ம்பாங்க. ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும். சித்திரை வெயிலிலும் தண்ணீர் வேண்டாம், அடிக்கடி பால் கொடுத்தாலே போதும். நாக்கில் தேன் தடவுவது ஒரு வயதுக்கு முன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி, குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்க வைக்கும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் ஊதுவதும், ‘தொக்கம் எடுக்குறேன்’ என்று வாய்வைத்து உறிஞ்சுவதும் நுரையீரலுக்கும் தொண்டைக்கும் கேடு. தலை காய சாம்பிராணி போடுவார்கள். மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கு அந்தப் புகையே போதும், ராத்திரி ஆஸ்பத்திரி வாசலில் நிற்க.

இதையெல்லாம் மருமகள் சொன்னால் அத்தைக்கு மனசு சங்கடப்படும். மகன் தன் அம்மாவிடம், மகள் தன் அம்மாவிடம் சொல்வது நல்லது, அதுவும் ஊருக்கு வருவதற்கு முன்பே போனில். ஒரு நிபந்தனை வைப்பதுபோல் வேண்டாம். ‘நர்ஸ் இப்படிச் சொன்னாங்க, நீங்கதான் பார்த்துக்கணும்’ என்று பொறுப்பை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். இருமல், காய்ச்சல் இருப்பவர்கள் முத்தம் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பாட்டியைவிடக் கண்டிப்பாக யாராலும் செய்ய முடியாது.

எப்போது காத்திருக்கக் கூடாது

சின்னச் சந்தேகத்துக்கு 104-ஐ எந்த நேரமும் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம். ஆனால் சில அறிகுறிகளுக்கு ‘ஊர் திரும்பினதும் நம்ம டாக்டர்ட்ட காட்டலாம்’ என்று இருக்கவே கூடாது. பால் குடிக்க மறுப்பது, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, தட்டி எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது. மூச்சை எண்ணியும் பார்க்கலாம். குழந்தை அழாமல் இருக்கும்போது போனில் ஒரு நிமிடம் வைத்து வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் என்றால் 60-ம், அதற்கு மேல் ஒரு வயது வரை 50-ம், அதைத் தொட்டாலே ஆஸ்பத்திரி. 3 மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலும் அப்படியே. ஊசி போட்டதால் வந்த காய்ச்சல் என்று நீங்களாகவே முடிவு செய்ய வேண்டாம், செவிலியரிடம் கேளுங்கள்.

108-ஐ அழைக்கும்போது இடம் சொல்வதில்தான் நேரம் போகிறது. நெடுஞ்சாலையில் என்றால் கடைசியாகத் தாண்டிய சுங்கச்சாவடி, சாலையோரக் கல்லில் உள்ள கிலோமீட்டர் எண், எந்த ஊரை நோக்கிப் போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ம் உண்டு. கிராமத்தில் என்றால் ஊர்ப் பெயர் மட்டும் போதாது, அதே பெயரில் இன்னொரு ஊர் இருக்கலாம். ஒன்றியம், பக்கத்துப் பெரிய ஊர், கோயில் அல்லது பள்ளிக்கூடம் சொல்லுங்கள். அழைத்த போனை வேறு யாரிடமும் பேசாமல் ஃப்ரீயாக வையுங்கள், ஓட்டுநர் வழி கேட்டுத் திரும்பக் கூப்பிடுவார். வீட்டில் ஒருவரை டார்ச்சோடு மெயின் ரோட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.