எந்தத் தண்ணீருக்கு எந்த மெம்பிரேன்?

கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு தெருவில் போர் தண்ணீர் குடிக்கும்படி இருக்கும். இரண்டு தெரு தள்ளிப் போட்டால் உப்புக் கரிக்கும். குடியிருப்போர் சங்கங்களும் வார்டு உறுப்பினர்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்று கேட்கும்போது, பேச்சு நேராக உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. மெம்பிரேனில்தான் போய் நிற்கிறது. விலைப்புள்ளி வாங்குவதற்கு முன் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் இதற்காகவே இருக்கின்றன. கோடையில் ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை மாதிரி எடுங்கள். ஒரே கிணறு பருவத்துக்கு ஒரு குணம் காட்டும்.

அறிக்கை வந்ததும் மூன்று எண்களைப் பாருங்கள். கரைந்த உப்பு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு ஆதாரமே இல்லையென்றால் 2000 வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது. செப்டிக் டேங்க்கை நம்பியிருக்கும் புறநகர்களில் இந்த எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். மூன்றாவது, கலங்கல்.

ஏரி நீர், பாலாற்றுப் படுகைக் கிணற்று நீர் போன்றவற்றில் உப்பு குறைவாகவும், தொல்லை கலங்கலும் கிருமியுமாகவும் இருந்தால் ஆர்.ஓ. வேண்டாம். அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் மெம்பிரேன் போதும். அதன் துளை சுமார் 0.01 மைக்ரான்தான், பாக்டீரியாவையும் பெரும்பாலான வைரஸ்களையும் தடுத்துவிடும். குளோரினுக்கு எளிதில் சாகாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் குடிநீரில் கலந்து சுமார் 4 லட்சம் பேரைப் படுக்கையில் தள்ளியது. அதன் அளவு 4 மைக்ரானுக்கு மேல். இந்த மெம்பிரேனில் அது நுழைய வழியில்லை. ஆனால் உப்பும் நைட்ரேட்டும் தாராளமாகக் கடந்துவிடும். இதைச் சொல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

உப்பு உண்மையிலேயே அதிகம் என்றால் ஆர்.ஓ.தான் வழி. நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்குவது அதுதான். கடல்நீரின் டிடிஎஸ் 35,000 அளவில் இருப்பதால் அங்கே வேறு வழியில்லை. நம் ஊர்ப் போர் தண்ணீர் அப்படியல்ல. 1400 டிடிஎஸ் உள்ள தண்ணீர் ஆர்.ஓ.வில் 60-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு இறக்கத் தேவையே இல்லை. நைட்ரேட் வரம்புக்குள் இருந்தால், இரண்டு பங்கு ஆர்.ஓ. நீருடன் ஒரு பங்கு அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் செய்த நீரைக் கலந்தால் 500-ஐ ஒட்டி வந்துவிடும். கரண்ட் மிச்சம், வீணாகும் நீரும் குறையும்.

வீணாகும் நீர் என்றது சின்ன விஷயமல்ல. அதே 1400 டிடிஎஸ் தண்ணீர் 100 லிட்டர் உள்ளே போய் 60 லிட்டர் நல்ல தண்ணீராக வந்தால், மீதி 40 லிட்டரில் உப்பு 3400 வரை ஏறி நிற்கும். அதை மழைநீர்க் கால்வாயில் விட்டால் ஏரிக்கும் நிலத்துக்கும் போய், கடைசியில் அதே போருக்குத் திரும்பும். கழிவு நீர் எங்கே போகும் என்று எழுத்தில் பதில் தராத திட்டத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி பராமரிப்பு. திட்டங்கள் சாவது பெரும்பாலும் இங்கேதான். கிருமி பயத்தில் சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் கொட்டி, அந்த நீரை அப்படியே ஆர்.ஓ.வுக்கு அனுப்பினால் மெம்பிரேன் சீக்கிரமே பாழாகும். ஆர்.ஓ.வுக்கு முன் குளோரினை நீக்க வேண்டும். சுத்திகரித்த பிறகு மறுபடி சேர்க்க வேண்டும். மெம்பிரேன் தாண்டிய நீர் மேல்நிலைத் தொட்டியிலும் பழைய குழாயிலும் மறுபடி கெடலாம். ஆகவே கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று சங்கத்தில் ஒருவர் சோதனைக் கிட் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் குழலுக்குள் ஆயிரக்கணக்கில் மெல்லிய இழைகள் இருக்கும். ஒன்று அறுந்தாலும் வெளிவரும் நீர் தெளிவாகவே தெரியும், கிருமி மட்டும் நுழைந்துவிடும். காற்றழுத்தம் கொடுத்து, அது இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனையை ஆபரேட்டர் தினமும் செய்ய வேண்டும். டெண்டரிலேயே அதை எழுதுங்கள். ஐந்து ஆண்டுப் பராமரிப்பு, மாற்று மெம்பிரேன் செலவு, மாதாந்திர ஆய்வக அறிக்கையை நிலைய வாசலில் ஒட்டுவது ஆகியவற்றையும் அதே ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.