திருச்சியில் பங்குனி, சித்திரை: எங்கே போவது, எதை விடுவது

பரீட்சை முடிந்த பிள்ளைகளோடு திருச்சிக்கு வருகிறவர்களுக்கு யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர்கள் முக்கொம்பும் கல்லணையும். பங்குனி, சித்திரையில் இந்த இரண்டையும் கடைசிக்குத் தள்ளுங்கள் என்பேன். பாசனத்துக்காக மேட்டூரைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன் காவிரியில் பெரும்பாலும் மணல்தான். குளிக்கலாம் என்று துண்டோடு வந்த பிள்ளை "ஆறு எங்கே?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? கல்லணை எந்த மாதத்திலும் கரிகாலன் கட்டியதுதான், மறுக்கவில்லை. வரலாற்றில் ஆசையுள்ள பிள்ளை என்றால் வெயில் தாழ்ந்தபின் கூட்டிப்போங்கள். தண்ணீர்தான் வேண்டும் என்றால் ஆடிப்பெருக்குக்கு வாருங்கள். முக்கொம்பில் மரநிழல் உண்டு; கட்டுச்சோறு சாப்பிட்டுத் திரும்ப அது போதும்.

ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது, மலைக்கோட்டையா, ஸ்ரீரங்கமா? பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் யோசிக்காமல் மலைக்கோட்டை. 83 மீட்டர் உயரம், நானூறுக்கும் மேலே படிகள். ஏறும் வழியில் பெரும்பகுதி பாறையைக் குடைந்தது, கூரையுள்ளது, வெயில் தெரியாது. தாயுமானவர் சன்னிதியைத் தாண்டி உச்சிப் பிள்ளையாரை நெருங்கும்போதுதான் திறந்த பாறை வருகிறது. செருப்பைக் கீழேயே விட்டாயிற்று. பத்து மணிக்கு மேல் அந்தப் பாறையில் குழந்தைகள் நடக்கமாட்டார்கள், குதிப்பார்கள். விடிந்ததும் ஏறிவிடுங்கள். வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயிலை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்; மூச்சு வாங்க நிற்கும் சாக்கில் அதைப் பாருங்கள். உச்சியிலிருந்து காவிரி, கொள்ளிடம், நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் என்று ஊரே வரைபடம்போல் விரியும்.

தாத்தா பாட்டி உடன் வந்தால் ஸ்ரீரங்கம். படி ஏற வேண்டாம், ஆனால் நடை அதிகம்: 156 ஏக்கர், ஏழு பிராகாரம், 21 கோபுரம். தெற்கு ராஜகோபுரம் 236 அடி. பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்று 1987இல்தான் முடிந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் கல்குதிரைகளுக்கு அரைமணி ஒதுக்குங்கள். பெரிய வரிசையில் நின்று பெருமாளைச் சேவிப்பதைவிட அது பிள்ளைகளுக்குப் பிடிக்கும் (பாட்டிக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள்). பங்குனி உத்திரத்தன்று மட்டும் கணக்கு மாறும். ஆண்டுக்கு ஒருமுறை அரங்கநாதரும் தாயாரும் சேர்ந்திருக்கும் சேர்த்தி சேவை அன்றுதான். பெரியவர்களுக்கு அதுவே முழுநாள். பிள்ளைகளை வீட்டில் விடுவது நல்லது.

சமயபுரத்துக்கும் அதே யோசனை வேண்டும். மாசிக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதல் தொடங்கும். பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். தளிகை கிடையாது, துள்ளுமாவு, நீர்மோர், பானகம்தான் நைவேத்தியம். ஊர் ஊராகப் பூத்தட்டுகள் வரும் அந்த வாரங்களில் ஒரு சாதாரண நாளாகப் பார்த்துப் போனால் அழகு, கூட்டமும் தாங்கும். சித்திரைத் தேரன்று கைக்குழந்தையோடு போகவே போகாதீர்கள்.

பகல் பதினொன்றிலிருந்து நாலு மணிவரை கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். ஐந்து வயதுக்குள் என்றால் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் ரயில் அருங்காட்சியகம். பழைய எஞ்சின், மணி, கடிகாரம் எல்லாம் நமக்குத்தான். அவர்களுக்கு அங்கே ஓடும் குட்டி ரயில் ஒன்றே போதும். ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சின்களுக்குப் பழுது பார்ப்பதே இந்த ஊர்ப் பொன்மலைப் பணிமனையில்தான் என்பதைப் பெரிய பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எட்டு வயதுக்கு மேல் என்றால் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள அண்ணா அறிவியல் மையத்தின் கோளரங்கம். இருட்டு, நட்சத்திரம், சாய்ந்த நாற்காலி. அப்பாக்கள் தூங்கிவிடுவதும் உண்டு. தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மேலூரில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை எங்கே வைப்பது? இடம் பசுமை, குழந்தைகள் ஓடலாம். ஆனால் வண்ணத்துப்பூச்சிகள் இளவெயிலில்தான் சுறுசுறுப்பாகப் பறக்கும். உச்சிவெயிலில் இலைக்கடியில் ஒதுங்கிவிடும். மழைக்குப் பிந்தைய மாதங்களில் இருக்கும் கூட்டத்தைச் சித்திரையில் எதிர்பார்க்காதீர்கள். திறந்தவுடன் போனால் சரி. மத்தியானம் போகிறவர்களுக்கு அது வெறும் பூங்கா.

சாயங்காலத்துக்குத் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள கடைவீதி போதும்: நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை. அங்கிருந்து ஸ்ரீரங்கத்தில் தங்கியிருப்பவர்கள் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு நடந்தே போய் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நிற்கத்தான் இடம் இருக்கும். பாட்டி கூட இருந்தால் ஆட்டோ, வாடகையை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.