பேச்சு யார் கையில்?

அன்புள்ள நண்பருக்கு,

'தொலைக்காட்சி விவாதத்தில் யார் அதிகம் குறுக்கே பேசுகிறாரோ, அவர் கைதான் ஓங்கியிருக்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான்.

1979இல் பிரிட்டனில் தேர்தல் நேரம். மார்கரெட் தாட்சர் எதிர்க்கட்சித் தலைவர், ஜேம்ஸ் கல்லகன் பிரதமர். இருவருடைய தொலைக்காட்சிப் பேட்டிகளையும் ஜெஃப்ரி பீட்டி என்ற உளவியலாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். அதிகம் இடைமறிக்கப்பட்டவர் தாட்சர்தான். காரணத்தைப் பீட்டியும் சகாக்களும் 1982இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சொல்ல வந்தது முடியாத இடத்திலேயே தாட்சரின் குரல் சட்டென்று இறங்கிவிடும். முடித்துவிட்டார் போலிருக்கிறது என்று எதிரில் இருப்பவர் வாய் திறப்பார். தாட்சரோ விடாமல் தொடர்வார். பார்ப்பவருக்கு அது சண்டையாகத் தெரியும். இத்தனை இடைமறிப்புக்கும் ஆளான அவர்தான் அந்தத் தேர்தலில் வென்றார்.

இதற்கு நேர்மாறானது 1997 மே மாதம் பிபிசியின் 'நியூஸ்நைட்'டில் நடந்தது. சிறைத்துறைத் தலைவரின் முடிவை மீறப்போவதாக அவரையே மிரட்டினீர்களா என்று முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹவர்டிடம் நிகழ்ச்சியின் நெறியாளர் ஜெரமி பாக்ஸ்மன் கேட்டார். அதே கேள்வியைப் பத்து முறைக்கு மேல் கேட்டார். ஹவர்டுக்குப் பேச வாய்ப்பு கிடைக்காமல் இல்லை. ஒவ்வொரு முறையும் பேசினார், கேட்டதை மட்டும் தவிர்த்தார். ஆனால் அவர் எங்கே சுற்றினாலும் முறை திரும்பக் கேட்பவரிடமே வந்து சேர்ந்தது. பேட்டியின் சூட்சுமமே இதுதான். திண்ணைப் பேச்சில் அடுத்து யாரும் பேசலாம், பேட்டியில் அடுத்த கேள்வி ஒருவருக்கே சொந்தம். (அடுத்த நிகழ்ச்சித் துண்டு தயாராகாததால் நேரத்தை ஓட்டினேன் என்று பாக்ஸ்மன் பின்னால் சொன்னார். நம்புவது உங்கள் விருப்பம்.)

அந்த உரிமையைக் காப்பாற்ற நெறியாளருக்கு வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 செப்டம்பரில் கிளீவ்லாந்தில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்தில் பார்த்தோம். டிரம்ப் ஓயாமல் குறுக்கிட்டார். நெறியாளர் கிறிஸ் வாலஸ் கெஞ்சாத குறை. அக்டோபர் விவாதத்தில், ஒவ்வொரு தலைப்பின் தொடக்கத்திலும் ஒருவருக்குத் தரப்பட்ட இரண்டு நிமிடங்களுக்கு மற்றவரின் மைக்கை அணைத்துவைத்தார்கள். பேச்சு ஓரளவு ஒழுங்குக்கு வந்தது. அதிகாரம் குரல்வளையிலிருந்து பொத்தானுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அடுத்த முறை விவாதம் பார்க்கும்போது யார் கத்துகிறார் என்பதை விட்டுவிடுங்கள். யாருடைய பதில் முடியும் முன் இடைவேளை வருகிறது, யாரிடம் கேள்வி ஒரே முறையோடு நின்றுவிடுகிறது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். குறித்ததை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்